ஒரு புள்ளி குறைப்பவர்

செருப்பைக் கழற்றிய கையோடு அவர் அடுப்படிக்குப் போவார். குமிழைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரு திருகு. பிறகு கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியின் சத்தத்தை ஒரு புள்ளி குறைப்பார். மகளின் மேசை விளக்கு, மூலையில் ஓடும் மின்விசிறி, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். அவர் குளிக்கப் போனதும் மனைவி தீயைக் கூட்டுவார், மகள் வெளிச்சத்தைக் கூட்டுவாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் மறுபடியும் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் இறக்கிவைப்பார். இதில் சண்டையும் கிடையாது, கோபமும் கிடையாது. "ஒரு புள்ளி கொறச்சா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது" என்று மட்டும் சொல்வார். "இவர் கையில சூரியனைக் குடுத்தா நமக்கெல்லாம் விடியறதே சந்தேகம்" என்று மனைவி சொல்வதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு பல வருடமாகிறது.

பட்டறையில் அவருக்குப் பெயரே புள்ளிதான். "புள்ளி சார் வந்தாச்சா?" என்று கேட்டால்தான் ஆட்களுக்கு விளங்கும். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் யார் அது என்று அவரே ஒரு கணம் யோசிப்பார். நாற்பது தாண்டிய ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடும் பழக்கம் உண்டு. எப்போதும் அரைக்கைச் சட்டை. ஏனென்றால் முழுக்கைச் சட்டையில் துணி கொஞ்சம் அதிகம்.

பேச்சிலும் அதே கணக்குதான். தொலைபேசியை எடுத்தால் "ம்" என்பார், அப்புறம் "சரி" என்பார், கடைசியாக "வைக்கிறேன்" என்பார். ஊரில் வெள்ளம் வந்த கதையை ஒருவர் அவரிடம் தொலைபேசியில் சொன்னபோதும் இந்த மூன்று சொல்லுக்கு மேல் செலவாகவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பட்டறையில் கேலி செய்வார்கள். அதற்கும் அவர் பதில் ஒரு "ம்"தான்.

பட்டறை, டயர் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேலே மேசைகள் நடுங்கும். அங்கே பேசும் பெட்டிகள் செய்கிறார்கள். தொண்டையில் நோய் வந்தவர்கள், பக்கவாதத்தில் நாக்கு இழுத்துக்கொண்டவர்கள், ஏதோ ஒரு காரணத்தால் குரலைப் பறிகொடுத்தவர்கள், இவர்களுக்காக. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி; மேலே எழுத்துப் பொத்தான்கள், சின்னத் திரை, ஓர் ஒலிபெருக்கி. சொல்ல வேண்டியதைத் தட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் பெட்டி அதை வாய்விட்டுச் சொல்லும். உள்ளே இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு போர்டு. ஒரு முழுக் கணினியும் அந்தப் போர்டுக்குள் அடக்கம்.

அந்தப் போர்டின் மூளையான பிராசஸர் அதிகபட்சம் எத்தனை வோல்ட் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டுவதுதான் புள்ளியின் வேலை. பிராசஸர் ஒரு சாப்பாட்டு ராமன். சும்மா இருக்கும்போது கொறித்துக்கொண்டிருக்கும். வேலை கொடுத்தால் இலை போட்டு உட்கார்ந்துவிடும். தின்னத் தின்னச் சூடாகும், பேட்டரியும் காலியாகும். அதனால் மேலே ஒரு வரம்பு. ஆனால் வரம்பை ரொம்பவும் இறக்கிவிட்டால், கடும் வேலை வந்து முழு வேகத்தில் ஓடும்போது பசியில் மயங்கி விழுந்துவிடும். அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடவே விட்டுவைப்பார்கள், தையல்காரர் சட்டையின் உள்பக்கம் கொஞ்சம் துணி மடித்துவிடுவதைப் போல.

நம்மவருக்கு அந்த உள்மடிப்பைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. முதலில் வந்த பெட்டிகள் மடியில் வைத்தால் சுட்டன. உள்ளே ஒரு குட்டி விசிறி ஓடி, பேசுகிற குரலுக்கு மேல் இரைந்தது. மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். இவர் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக இறக்கினார். சூடு போயிற்று, விசிறியைக் கழற்றி எறிந்தார், பேட்டரி பொழுது சாயும்வரை தாங்கியது. பட்டறையை நடத்தும் மேடம் எல்லோர் முன்னிலையிலும் கை தட்டினார். அன்று புள்ளி சிரித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வரம்பு கட்டிய பிறகு, போர்டை முழுச் சுமையில் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பட்டறையின் வழக்கம். ஆரம்பத்தில் வந்த சில போர்டுகளை அப்படித்தான் பார்த்தார். அவை தங்கமான போர்டுகள். குறைந்த வோல்டிலும் நின்றன. அதோடு அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றைத் தன் சொந்த வாக்கியங்களாலேயே சோதித்தார். "தண்ணி வேணும்." "டாக்டரைப் பாக்கணும்." "நல்லா இருக்கேன்." பெட்டி மூன்றையும் சொன்னதும் தட்டி மூடிவிடுவார். "நீளமாப் பேசிப் பாத்தீங்களா?" என்று மேடம் ஒருமுறை கேட்டார்.

"யாரு மேடம் அவ்ளோ பேசப் போறாங்க?" என்றார் புள்ளி.

சொன்னது அவர் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரே அச்சில் வார்த்தாலும் ஒரு பிராசஸரைப் போல இன்னொன்று இருப்பதில்லை. ஒன்று கொடுத்ததைத் தின்று சமர்த்தாக இருக்கும், இன்னொன்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஒரு வயிற்றில் பிறந்தவர்களே ஒன்றுபோல இருப்பதில்லை என்பதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி உண்டு. அவருக்கு ஓர் அக்கா.

அக்கா பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் இருந்தவள். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்கு மணியோடு, அந்த வண்டியின் ஓட்டுநர் எப்படி ஓட்டுவார், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், இறங்கும் இடத்தில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதெல்லாம் சேர்த்தே கிடைக்கும். வரிசை நீண்டுகொண்டே போகும். ஆனாலும் யாரும் அடுத்த கவுன்ட்டருக்குப் போகமாட்டார்கள். தம்பியின் பங்கையும் சேர்த்து இவளே பேசித் தீர்த்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் அவருக்குப் பசிக்கிறது என்பதைக்கூட அக்காதான் அம்மாவிடம் சொல்லுவாளாம்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

அறுவை சிகிச்சைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாழ்க்கையில் அதிசயமாக, புள்ளி தானாக வாயைத் திறந்தார். "கொஞ்ச நாள் வாய்க்கு லீவு விடுக்கா. ஊரே நிம்மதியா இருக்கும்." அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். குரல் திரும்பவே திரும்பாது என்று மருத்துவர் சொன்னது அதற்குப் பிறகு. பேசாதவன் பேசினால் இப்படியா பேசுவான் என்று அவர் தன் நாக்கையே கடித்துத் துப்பியிருப்பார்.

அதற்குப் பரிகாரம்போலத்தான் அவளுக்கு ஒரு பெட்டி செய்தார். போர்டைத் தன் கையாலேயே எடுத்து, தன் கையாலேயே வரம்பு கட்டி, பெட்டிக்கு உயிர் வந்ததும் முதல் வார்த்தையாக "வணக்கம்" என்று சொல்லும்படி அமைத்தார். அது அவருடைய சொந்த யோசனை. பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். அக்கா வீட்டில் பெட்டி "வணக்கம்" என்றபோது வீடே கை தட்டியது. இவர் ஒவ்வொருவரிடமாகப் போய், "தொட்டுப் பாருங்க, சூடே இல்ல" என்று காட்டினார்.

ஆனால் அதன் பிறகு அக்கா அவரிடம் பேசியதெல்லாம் கைவிரலுக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய் எதிரே உட்காருவார். "எப்படி இருக்கக்கா?" "நல்லா இருக்கேன்." "வலி இருக்கா?" "இல்ல." "வேற?" "ஒண்ணுமில்ல." பெட்டியை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். இவரும் அதே ஜன்னலைப் பார்த்துவிட்டு எழுந்து வருவார். அந்த லீவு வார்த்தையை அவள் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை என்று முடிவுகட்டினார். முதலில் குற்ற உணர்ச்சியாக இருந்தது. போகப் போக அதில் கொஞ்சம் மனத்தாங்கலும் சேர்ந்தது. "பெட்டி செஞ்சு குடுத்தவன்கிட்டயே இவ்ளோ சிக்கனமா?" என்று மனைவியிடம் முனகினார். "நீங்க சொல்றீங்க பாருங்க, சிக்கனத்தைப் பத்தி" என்றார் மனைவி.

போன வாரம் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போகவேண்டி வந்தது. சில பெட்டிகளில் பொத்தான்கள் தேய்ந்துவிட்டன, வந்து மாற்றித் தாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒரு நீளமான அறை. சுவரோரமாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒருவராகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள். இவர் மூலையில் உட்கார்ந்து பொத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கும் அம்மா, புதிதாக வந்த ஒருவருக்குப் பெட்டியைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னச் சின்னதாப் பேசிப் பழகிக்குங்க. தண்ணி வேணும்னா தண்ணி, அவ்ளோதான். நீளமா அடிச்சா பெட்டிக்கு மூச்சு வாங்கும்."

புள்ளி தலையை நிமிர்த்தினார். "ஏன் மூச்சு வாங்குது?"

"அது அப்படித்தான் சார். இங்க எல்லாருக்கும் தெரியும்." அந்த அம்மா பக்கத்தில் இருந்த பெட்டியை வாங்கி மளமளவென்று தட்டினார். பச்சைப் பொத்தானை அழுத்தினார். பெட்டி பேச ஆரம்பித்தது. "நேத்து சாயங்காலம் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போது வழியில மழை பிடிச்சு, குடை இல்லாம, ஒரு கடை வாசல்ல ஒதுங்கி நின்னப்ப..." திரை கறுத்தது. கொஞ்சம் பொறுத்து, தூங்கி எழுந்த குழந்தையின் உற்சாகத்தோடு பெட்டி சொன்னது: "வணக்கம்."

சுவரோரம் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குரல் இல்லாத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு பெரியவர் தன் பெட்டியில் எதையோ தட்டிக் காட்டினார். "பழகிடுச்சு" என்றது பெட்டி.

"மத்தபடி ரொம்ப நல்ல பெட்டி சார். சூடே ஆகறதில்ல" என்றார் பயிற்சி அம்மா, மனதாரவே.

புள்ளியும் சிரித்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. தெரியாமல் செய்துவிட்டோம் என்பதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த அந்த நிமிஷத்தில், அத்தனை பேர் நடுவில், தனக்குச் சம்பந்தமே இல்லாதவர்போல அவர்களோடு சேர்ந்து சிரித்தாரே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? "பாக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, பொத்தான் ஒன்றை அரைகுறையாக மாட்டியபடியே எழுந்து வந்துவிட்டார்.

பட்டறைக்கு வந்து அலமாரியில் இருந்த பெட்டிகளை வரிசையாக எடுத்துவைத்தார். நீளமாக எதையாவது தட்ட வேண்டும். அவருக்கு எதுவும் தோன்றவில்லை. இத்தனை வயதில் நீளமான ஒரு வாக்கியம் அவரிடம் கையிருப்பு இல்லை. கடைசியில் டீயோடு வடை மடித்து வந்த காகிதத்தில் அச்சடித்திருந்த ஏதோ சோப்பு விளம்பரத்தை அப்படியே பார்த்துத் தட்டினார். ஒரு பெட்டி முழுதும் சொன்னது. அடுத்தது பாதியில் கறுத்து, "வணக்கம்" என்றது. அதற்கடுத்ததும் "வணக்கம்." தின்னக் கொடுக்காமல் போட்ட ஜீவன்கள் ஒவ்வொன்றாக மயங்கி விழுந்து, எழுந்து, பட்டினி போட்டவருக்கே மரியாதையாக வணக்கம் வைத்தன. "தண்ணி வேணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பிராசஸருக்குப் பசியெடுப்பதில்லை. மூச்சுவிடாமல் பேசும்போதுதான் அது முழு வேகத்துக்குப் போய்க் கூடுதலாகக் கேட்கிறது. கேட்டதைத் தராமல் கதவை அடைத்து வைத்தவர் இவர்.

சத்தம் கேட்டு மேடம் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ளி, பெட்டியெல்லாம் உங்களையே கும்பிடுது?"

"ஒரு சின்னக் கோளாறு மேடம். எல்லாப் பெட்டியையும் வரவழைச்சு ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

"என்ன கோளாறு?"

"போர்டு... போர்டு அனுப்பறாங்கல்ல, அவங்க பக்கம்தான் ஏதோ."

பொய்யும் சின்னதாகவே வந்தது. மேடம் நம்பிவிட்டார். கேள்வி கேட்டுக் குடைந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. "நல்லா இருக்கேன்." "இல்ல." "ஒண்ணுமில்ல." இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் எதிரே உட்கார்ந்து அவள் கோபத்தை அளந்துகொண்டிருந்தோமே! மடிக்கணினியையும் ஒரு வயரையும் பையில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினார்.

வழியெல்லாம் ஒரே யோசனைதான். தூசி தட்டித் தருகிறேன் என்று பெட்டியை வாங்கி, சத்தமில்லாமல் வரம்பை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடலாம். அக்காவுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மற்றவர்களுக்கும் அதேபோல. ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் சரியாகிவிடும். கொஞ்சம் வெட்கங்கெட்ட யோசனைதான். ஆனால் மனுஷன் மாட்டிக்கொண்டால் முதலில் வருவது அதுதானே.

அக்கா வீட்டில் தனியாக இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் வந்து நிற்கும் தம்பியைப் புருவம் உயர்த்திப் பார்த்தாள்.

"சும்மாதான். பெட்டியைக் குடு, தூசி தட்டித் தரேன்."

கொடுத்தாள். சமையலறை மேசையில் வைத்து வயரை மாட்டினார். வரம்பை ஏற்றும்போது கை தயங்கியது. குறைத்தே பழகிய கை. முன்பு விடாமல் போன உள்மடிப்பையும் சேர்த்து ஏற்றிவிட்டு வயரைப் பிடுங்கினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். சோப்பு விளம்பரம் ஞாபகம் வரவில்லை.

"ஏதாவது நீளமா அடிச்சுப் பாருக்கா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டாள். தட்டினாள். "எதுக்கு?"

"சும்மா. எவ்ளோ நீளம் வேணாலும்."

அவள் தலையாட்டி மறுத்துவிட்டுத் தட்டினாள். "வேணாம். வணக்கம் சொல்லும்."

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார் புள்ளி. "உனக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே."

"ஏன்கா சொல்லல?"

அக்கா ஏதோ நிறையத் தட்டினாள். பச்சைப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். நிறுத்தினாள். பின்பக்கமாக அழித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சொல்லாகக் கழித்து, மிச்சம் இருந்ததை மட்டும் பேசவிட்டாள். "நீ செஞ்சது."

அவள் அழித்த சொற்கள் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அப்படிக் கழித்துக் கழித்துப் பேச அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று தெரியும். தூசி தட்டுகிறேன் என்று வந்த மனிதருக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கோளாறு பெட்டியில இல்ல. நான்தான் வோல்டேஜைக் கொறச்சு வச்சேன். சூடு ஆகாதுன்னு நாலு பேர் சொல்லணும்னு. முழுசா ஓட்டிப் பாக்கணும், பாக்கல. யாரு அவ்ளோ பேசப் போறாங்கன்னு மேடம்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். உன் பெட்டிக்கும் அதேதான் பண்ணேன். உனக்கு! நீ எப்படிப் பேசுவன்னு தெரிஞ்ச நானே. நீ கோவமா இருக்கேன்னு நெனச்சு உன்மேலயே வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தேன்கா. அங்க ஒரு ரூம் நிறைய ஆளுங்க, எல்லாரும் தண்ணி வேணும் தண்ணி வேணும்னு பேசிப் பழகிட்டாங்க. அவங்க சிரிச்சப்ப நானும் கூடச் சிரிச்சேன். நான்தான்னு சொல்லல. மேடம்கிட்டயும் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் வாழ்நாளில் மூச்சுவிடாமல் பேசியது இவ்வளவுதான் இருக்கும். பேசி முடித்ததும், யாரோ தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் விரல் அழிக்கும் பொத்தானின் பக்கமே போகவில்லை. பிறகு பச்சைப் பொத்தான்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன், நீ ஆஸ்பத்திரியில வாய்க்கு லீவு விடுன்னு சொன்னதுக்கு எனக்கு நல்லாவே கோவம் இருந்துச்சு, ஆனா அது ஒரு வாரத்துல போயிடுச்சு, அதுக்கப்புறம் வந்தது கோவமே இல்லடா, பயம், ஏன்னா மேல் வீட்டு அம்மாவோட வீட்டுக்காரர் தவறிப்போனப்ப நான் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயி, அவங்க பக்கத்துல உக்காந்து, அவர் எவ்ளோ நல்லவரு, எனக்கு உடம்பு சரியில்லாதப்ப எத்தனை தடவை ஆட்டோ கூட்டிட்டு வந்தாருன்னு எல்லாம் அடிச்சு, பச்சைப் பொத்தானை அமுக்கினா, பாதி சொல்லும்போதே இது செத்துப் போச்சு, எல்லாரும் என்னையே பாக்கறாங்க, நான் பெட்டியைத் தட்டறேன், ஆட்டறேன், அப்பப் பாத்து அந்த இழவு வீட்டுக்கு நடுவுல இது நல்லா சத்தமா வணக்கம்னு சொல்லுச்சு பாரு..."

பெட்டி நிற்கவில்லை. புள்ளி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். காது மட்டும் திறந்தே இருந்தது; அதற்குத்தான் மூடி கிடையாதே.

"...மேல் வீட்டு அம்மாவே சிரிச்சுட்டாங்க, பாவம், அப்புறம் அழுதாங்க, நான் எந்திரிச்சு வந்துட்டேன், அதுலேர்ந்து யார்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதே இல்ல, உன்கிட்ட சொல்லணும்னு எவ்ளோவோ தடவை நெனச்சேன், ஆனா நீ வந்ததும் வராததுமா பெட்டியைத் தடவிப் பாத்துட்டு சூடே இல்ல பாருக்கான்னு சின்னப் பையன் மாதிரி சிரிப்ப, அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிடா சொல்றது, சரி போகட்டும்னு விட்டேன், ஆனா ஒரு ரூம் நிறைய ஆளுங்களும் இப்படித்தான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

அவளுக்கும் மூச்சு வாங்கவில்லை, பெட்டிக்கும் மூச்சு வாங்கவில்லை. உடனே அடுத்ததைத் தட்டினாள். "உங்க மேடம்கிட்ட எப்பச் சொல்லப் போற?"

"நாளைக்கு."

"அந்த ரூமுக்கும் நீயே போகணும். வேற யாரையும் அனுப்பக் கூடாது. ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு, நான்தான்னு சொல்லணும்."

"சொல்றேன்கா."

"தலையைத் தூக்கிச் சொல்லு."

தூக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அத்தோடு அவள் விட்டுவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். ஆனால் அக்காவுக்கு இன்னும் இருந்தது. மேல் வீட்டு அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். பேருந்து நிலையத்தில் தன் கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லையாம், அவளை என்ன செய்தால் தேவலை என்று கேட்டாள். தம்பி மனைவி போன மாதம் கட்டியிருந்த புடவையின் நிறம் அவளுக்கு எடுக்கவில்லை என்றாள். இத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் வெள்ளமாக வந்தது. வெளியே தெருவிளக்கு எரிந்தது. வீட்டுக்குள் விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பேசப் பேசப் பெட்டி காய ஆரம்பித்தது. அக்கா அதை வலது தொடையிலிருந்து இடது தொடைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வலதுக்கு மாற்றினாள். விரல் மட்டும் நிற்கவில்லை. ஏதோ ஒரு கதையின் நடுவில், மேலதிகாரி ஒருவர் தவறான பேருந்தில் ஏறிய கதை, அவள் முகம் சுளித்துக்கொண்டு பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

புள்ளி கையை நீட்டினார். பிடுங்கி அணைத்துவிடப் போகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் பெட்டியை இறுக்கிக்கொண்டாள். அவர் தலையசைத்து, அவள் விரல்களை மெல்ல விலக்கிப் பெட்டியை வாங்கினார். நாற்காலியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, அதைத் தன் மடியில் வைத்து, எழுத்துகள் அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்.